‘திரும்பாதவர்’ கட்டத்துக்கு ஓர் ஆள்

முப்பத்திரண்டு வயதில் ‘ஓய்வு பெற்றவள்’ என்று போட்டுக்கொண்டால் சிரிக்கத்தான் செய்வார்கள். எங்கள் தமிழ்ச் சங்க மலரில் இந்தப் பகுதிக்கு எழுதுகிறவர் தம் தொழிலை விட்டு விலகியவராக இருக்க வேண்டும் என்பது விதி. நான் விலகவில்லை, தொழில்தான் என்னை விட்டு விலகியது. இந்தக் கோடையில் எங்கள் ப்ராஜெக்டை மூடினார்கள். அதே வேலையை இன்னோர் இடத்தில் தேடலாம் என்றால், அப்படி ஒரு வேலை வேறெங்கும் கிடையாது. ஆகவே ஓய்வுதான். பென்ஷனும் பொன்னாடையும் மட்டும் இல்லை.

எழுதத் தூண்டியவர்கள், லிவர்மோர் கோயில் சாப்பாட்டுக் கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பெண்கள். படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது.

“அக்கா, நீங்க எந்தக் கம்பெனி?”

“கம்பெனி இல்லம்மா. கொர்யாக்னு ஒரு மொழி. அதோட இலக்கணத்தை டேட்டாபேஸ்ல ஏத்தற ப்ராஜெக்ட். ஏழு வருஷம் இருந்தேன்.”

“அதுல என்ன பண்ணுவீங்க?”

“ஒரு வினைச்சொல்லை எடுத்துக்குவோம். அதைச் செய்யறவர், செய்யாதவர், செய்யறது, இதுக்கெல்லாம் அந்த மொழியில என்ன சொல்லுன்னு டேபிள் போடுவோம்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “ரூல்ஸ் தெரிஞ்சா ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஜெனரேட் பண்ணிடலாமே? எதுக்குக்கா ஏழு வருஷம்?”

நியாயமான கேள்வி. புளியோதரை ஆறுவதற்குள் பதில் சொல்ல முடியாத கேள்வியும்கூட. அதனால் இங்கே.

என் படிப்பு, பயிற்சி எல்லாம் ஒரு பத்தியில் அடங்கும். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங். கல்யாணம். கணவர் சேகருக்கு, சான் ஃப்ரான்சிஸ்கோ பக்கம், லிவர்மோரில் வேலை. எனக்கு ஒர்க் பர்மிட் வந்த வாரம் பேப்பரில் ஒரு விளம்பரம்: ப்ரோகிராமர் தேவை, மொழியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பொறுமை அவசியம். பொறுமையை யாரும் பரீட்சை வைத்துப் பார்க்க முடியாது என்ற தைரியத்தில் அப்ளை பண்ணினேன். முதல் நாளே பரீட்சை வைத்தார்கள். ஒரு பெட்டி நிறைய அட்டைகளைக் கொடுத்து அகர வரிசையில் அடுக்கச் சொன்னார்கள். எனக்கு வரிசை என்றால் கொள்ளை ஆசை. மளிகை லிஸ்டைக்கூடக் கடையின் அலமாரி வரிசைப்படி எழுதுகிறவள். அடுக்கி முடித்து, ஒரே சொல் இரண்டு முறை வந்திருந்த அட்டைகளைத் தனியாகவும் கட்டி வைத்தேன். வேலை கிடைத்துவிட்டது.

ஆபீஸ் ஹேவர்டில், ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடி. தினமும் மலை தாண்டி ஃப்ரீவேயில் போக வேண்டும். சீப்பான வாடகை என்று பிடித்த இடம். ஒலிப்பதிவு செய்யும் ப்ராஜெக்டுக்குப் பல் கடையும் மெஷினுக்கு மேல் இடம் பிடித்தவர் யார் என்று கடைசிவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் எங்கள் பதிவு நேரம் என்பது கீழே டாக்டர் சாப்பிடப் போகும் நேரம். அவர் டயட்டில் இருந்த மாதங்களில் எங்கள் டேப்புகள் குட்டையாக இருக்கும்.

கொர்யாக், ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் கம்சாட்கா பக்கத்து மொழி. உள்ளே பனிமான் மேய்ப்பவர்களும், கரையில் மீன் பிடிப்பவர்களும் பேசுவது. என் பங்குக்கு வந்தது வினையிலிருந்து பிறக்கும் பெயர்கள். பயந்துவிடாதீர்கள், ஒன்பதாம் வகுப்பில் நாமும் மனப்பாடம் செய்ததுதான். தொழிற்பெயர், வினையாலணையும் பெயர். ‘வெதாத்’ என்றால் வேலை செய்வது. அதன் பின்னால் ஒரு விகுதி ஒட்டினால் வேலை செய்பவர். மூக்கொலியில் முடியும் வேறொரு விகுதி ஒட்டினால் வேலை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு பக்கமும் ஒட்டினால் வேலை செய்யாதவர். ஆண், பெண் வித்தியாசம் இல்லை. காலமும் அதில் தெரியாது. இன்னும் வராதவருக்கும் இனி வரவே போகாதவருக்கும் ஒரே சொல். ‘நான்’, ‘நீ’ என்று யாரைச் சொல்கிறோமோ அதற்கும் கடைசியில் ஓர் ஒட்டு உண்டு. விகுதி சேர்ந்தால் உள்ளே இருக்கும் உயிரெழுத்தும் சில சமயம் நிறம் மாறும். இவ்வளவுதான் பாடம். இதைத் தாண்டி இந்தக் கட்டுரையில் இலக்கணம் கேட்க மாட்டேன்.

இந்த ராஜ்ஜியத்தின் ராணி டாக்டர் ட்ரூடி. எல்லோரும் வெறும் ட்ரூடி என்றுதான் கூப்பிட்டார்கள். அறுபத்தெட்டு வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வரவில்லை. ‘டாக்டர் மிஸ்’ என்றால் சிரிப்பார்கள். டாக்டர் ட்ரூடி என்று ஒரு பாலம் கட்டிக்கொண்டேன். ஒல்லி, உயரம், காதோரம் எப்போதும் ஒரு பென்சில். பேனாவைக் கண்டால் ஆகாது. “பேனாவில் எழுதறவங்க தப்பே பண்ண மாட்டோம்னு நினைக்கறவங்க” என்பார். (அவர் பேசியது ஆங்கிலம். இங்கே எல்லோருடைய பேச்சையும் என் காதில் விழுந்த மாதிரித் தமிழில் எழுதுகிறேன்.) ‘நல்லாருக்கு’ என்ற சொல்லை ஏழு வருஷத்தில் ஒரு தடவையும் கேட்டதில்லை. ஒரு வேலை சரியாக முடிந்தால் “அடுத்தது” என்பார். நாலு மணிக்கு ஒரு பேரிக்காயைச் சின்னக் கத்தியால் எட்டாக வெட்டி, ஜன்னலைப் பார்த்தபடி சாப்பிடுவார். அந்த நேரம் யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

அவருடைய முறை இது. ஒரு சொல்லை மொட்டையாகக் கேட்கக் கூடாது. அட்டையில் ஒரு சின்னக் காட்சி இருக்கும். ‘வாசலில் ஒருவர் விறகு வெட்டிக்கொண்டிருக்கிறார். நீங்கள் ஜன்னல் வழியே பார்த்து அவரைக் காட்டுகிறீர்கள். என்ன சொல்வீர்கள்?’ காட்சியைக் கேட்டுவிட்டு அந்த மொழிக்காரர் மூன்று முறை சொல்ல வேண்டும். முதலில் நிதானமாக, பிறகு வழக்கமான வேகத்தில், பிறகு ஒரு வாக்கியத்துக்குள் வைத்து. நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு டேப் ரெகார்டரின் முள் சிவப்புக்குப் போகாமல் பார்த்துக்கொள்வேன். மத்தியானம் அதை ஏற்றுவேன். என் ப்ரோகிராம் அதுவரை கேட்டதை வைத்து, கேட்காத சொற்களை ஊகித்து அச்சடிக்கும். ஊகித்த சொல்லுக்குப் பக்கத்தில் டாக்டர் ட்ரூடி பென்சிலால் ஒரு நட்சத்திரம் போடுவார். யாராவது வாயால் சொல்லி டேப்பில் ஏறினால்தான் நட்சத்திரம் போகும்.

சொல்லும் வாய் லீடாவினுடையது.

லீடா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ‘அவர்’ என்று எழுதினால் அவளே சிரிப்பாள். கம்சாட்காக் கரையில் பிறந்தவள். மீன் கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளராகச் சான் ஃப்ரான்சிஸ்கோ வந்து, ஒரு ரஷ்யக் கப்பல் இன்ஜினியரைக் கட்டி, அவரை விட்டு, மகள் நதியாவுடன் இங்கேயே தங்கிவிட்டாள். முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. சனிக்கிழமைகளில், பழைய சாமான் விற்கும் கராஜ் சேல் என்றால் பைத்தியம். வசந்தி என்ற என் பெயரை முதல் நாளே ‘வாஸ்யா’ ஆக்கினாள். அது ரஷ்யாவில் மீசை வைத்த ஆண்களின் செல்லப் பெயர் என்று ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

“முன்னாலேயே சொல்லியிருக்கலாமே!”

“நீயா கேக்கவே இல்லை, வாஸ்யா. உனக்குப் பொருத்தமாவும் இருந்துச்சு.”

என் ப்ரோகிராம் அச்சடித்த நட்சத்திரச் சொற்களை வாசித்துப் பார்ப்பது அவளுக்கு சினிமா பார்ப்பது மாதிரி. ஒரு தடவை அது ‘மழை பெய்யாதவர்’ என்று ஒரு சொல்லை உண்டாக்கியிருந்தது. லீடா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“யாரு இவரு? எங்க குடியிருக்காரு? சம்மர்ல வேலை இல்லாம என்ன பண்றாரு?”

“சும்மா ஒரு சொல்தானே, லீடா.”

“சும்மான்னு ஒரு சொல் கிடையாது. ‘செய்யாதவர்’னா யாரோ ஒருத்தர் செய்யாம இருக்கணும். ஆளைக் காட்டு, சொல்றேன்.”

அவள் விஷயத்தில் நாங்கள் எல்லோரும் ஜாக்கிரதையாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அவளுடைய விசா இந்த வேலையை நம்பி இருந்தது. ப்ராஜெக்டுக்குப் பணம் தரும் அறக்கட்டளை நாலாவது வருஷம் ஒரு ரிவ்யூ வைத்தது. மார்ச் மாதம் ஆட்கள் நேரில் வருவார்கள். அட்டவணை முழுசாக இருந்தால் மேலே தொடரலாம். இல்லாவிட்டால் இருந்தவரை போதும் என்று மூடிவிடுவார்கள். எனக்கு வேறு வேலை கிடைக்கும். டாக்டர் ட்ரூடி எப்படியும் அந்த மார்ச்சோடு ரிடையர் ஆகிறார். லீடா மட்டும் நதியாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, ஊருக்குக் கிளம்ப வேண்டும். நதியாவின் அப்பா சேக்ரமென்டோவில். சனிக்கிழமை தோறும் வந்து மகளைக் கூட்டிப் போவார். அதுவும் அத்தோடு நின்றுபோகும்.

ஜனவரியில் அட்டவணையில் நட்சத்திரங்கள் சொற்பமே மிச்சம். ஒரு வினையைத் தவிர மற்றதெல்லாம் சில்லறை. அந்த ஒன்று, ‘திரும்பி வருவது’. திரும்பி வருபவர், சொல்லிவிட்டாள். திரும்பி வருதல், சொல்லிவிட்டாள். திரும்பி வராதவர், மாட்டேன் என்றாள். அதை மட்டும் விட்டுத்தள்ளவும் முடியவில்லை. அந்த ஒரு சொல் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் அதே ஜாதியில் ஒரு டஜன் வினைகளுக்கு விடை தெரியும். ரயில் இன்ஜின் மாதிரி அது நகராமல் பின்னால் பெட்டிகள் எதுவும் நகராது.

முதலில் தொண்டை சரியில்லை என்றாள். பிறகு தலைவலி. மூன்றாவது தடவை அட்டையை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு நேராகச் சொன்னாள். “என் தம்பி கடல்ல இருக்கான், வாஸ்யா. ஜனவரில போவாங்க. ஐஸ் நடுவுல வலை போடற வேலை. மே மாசம்தான் கரைக்கு வருவான். அவன் வெளியே இருக்கும்போது எங்க வீட்டுல யாரும் இந்தச் சொல்லை வாயில எடுக்க மாட்டோம்.”

“மே மாசம் சொல்லுவியா?”

“மே மாசம் வா, பாட்டாவே பாடறேன்.”

ரிவ்யூ மார்ச்சில்.

அன்று வீட்டுக்கு வந்து சேகரிடம் சொன்னேன். அவர் சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தார்.

“இதுல என்ன ஆச்சரியம்? உங்கம்மா அரிசி தீர்ந்தா என்ன சொல்வாங்க?”

“நிறைஞ்சிருக்கு.”

“விளக்கை?”

“குளிர வைப்பாங்க. ஏங்க, நான் அவ பக்கம்தான். ஆனா கட்டம் காலியா இருந்தா அவளுக்குத்தான் ஆபத்து. அதுக்கு வழி சொல்லுங்க.”

“வேற யாரையாவது வெச்சு சொல்லச் சொல்லு. தம்பியை நினைச்சாத்தானே பயம்?”

நல்ல யோசனையாகப் பட்டது. லிஸ்ட் போட்டேன். லிஸ்ட் போட்டால் எனக்கு எதுவும் பாதி முடிந்த மாதிரி. மறுநாள் பேரிக்காய் நேரத்தில் லீடாவோடு மாடிப்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

“யாரோ ஒருத்தர். பேர் இல்லாதவர்.”

“அப்படி ஒருத்தர் இல்லை. அடுத்தது.” டாக்டர் ட்ரூடியின் குரலை அப்படியே எடுத்தாள்.

“ஓடிப்போன நாய்.”

“நாய் என்ன பாவம் பண்ணுச்சு?”

“லைப்ரரிக்குத் திரும்பாத புத்தகம்?”

“புத்தகம் நடந்தா போச்சு? எங்கம்மா கேட்டா என்னைப் பள்ளிக்கூடத்துல திருப்பிச் சேர்த்துடுவா.”

அடுத்த பெயரைத் தயக்கத்தோடுதான் சொன்னேன். “நதியாவோட அப்பா.”

நான் நினைத்த மாதிரி அவள் சிரிக்கவில்லை. “அவனோட எனக்கு ஆயிரம் சண்டை. ஆனா சனிக்கிழமை கார் சத்தம் கேட்டா நதியா ஜன்னலுக்கு ஓடறா. அவன் வரணும்.”

மிச்சம் ஒன்றுதான் இருந்தது. “செத்துப்போனவங்க யாராவது? ரொம்பப் பழைய ஆளா?”

லீடா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “அவங்கதான் முதல்ல திரும்பி வருவாங்க. குழந்தை பொறந்தா யாரு வந்திருக்காங்கன்னு பாத்து அவங்க பேரைத்தானே வைப்போம்? நதியாவோட வீட்டுப் பேரு எங்க பெரியம்மா பேரு. பெரியம்மா நடந்த மாதிரியே நடக்கறா.”

எங்கள் குடும்பத்திலும் தாத்தா பெயர் பேரனுக்குத்தான் போகிறது. இதற்கு மேல் அவளோடு என்னத்தை வாதாடுவது? லிஸ்டை மடித்து வைத்தேன். உலகத்தில் அந்தச் சொல்லைத் தாங்க ஒரு ஆளும் அகப்படவில்லை.

டாக்டர் ட்ரூடியிடம் சொல்லாமல் முடியாது. சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“படகுல ரேடியோ இருக்கா?”

“இருக்காம். ஆனா வீட்டுக்குப் பேச முடியாதாம்.”

பென்சிலைச் சீவினார். கூராக இருந்த பென்சிலை மறுபடியும் சீவினார். பிறகு கையை நீட்டி அந்த அட்டையை என்னிடமிருந்து வாங்கித் தன் மேஜை டிராயரில் போட்டார். “இனி இதை அவகிட்டக் கேக்காதே.”

“ரிவ்யூல கேப்பாங்களே?”

“கேப்பாங்க,” என்றார். அதோடு சரி.

மார்ச்சில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் செம்பட்டைத் தாடி வைத்த மொழியியல்காரர். இன்னொருவர் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்த ஒரு பெண். அவர் பேசவே இல்லை. லீடா அன்று கறுப்புக் கண்ணாடி போடவில்லை. கராஜ் சேலில் வாங்கிய நீலக் கோட்டு. மேஜையின் கடைசியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அட்டவணையைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினேன். தாடிக்காரர் நல்ல மனிதர், கெட்டிக்காரர். கெட்டிக்காரர்களின் கை நேராகக் காலி இடத்துக்குத்தான் போகும்.

“இந்த வரிசையில மட்டும் நட்சத்திரம் இருக்கே?”

“அதை இன்னும் கேக்கலை,” என்றேன்.

“இதுதானே மத்த எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டு நிக்குது? இது இல்லாம அட்டவணை முழுசுன்னு நான் எழுத முடியாதே.” பிறகு உண்மையான சந்தோஷத்தோடு லீடா பக்கம் திரும்பினார். “சொல்றவங்களே இங்க இருக்காங்க! ஒரே ஒரு சொல். இப்பவே கேட்டுடலாமே?”

லீடாவின் கைப்பைக் கொக்கி ‘டக்’ என்று மூடியது. முகம் பலகை மாதிரி ஆகிவிட்டது. அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. வாயைத் திறந்தால் தம்பி, திறக்காவிட்டால் நதியா. சரியாக அந்த நேரம் கீழே பல் கடையும் மெஷின் ஆரம்பித்தது. வழக்கப்படி எல்லோரும் அது நிற்கும்வரை பேசாமல் காத்திருந்தோம். இவ்வளவு பெரிய பல் யாருடையது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மெஷின் நின்றது. என் வாய் தானாகத் திறந்தது.

“லீடா, என்னைச் சொல்லேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“நான்தான் பொருத்தமான ஆள். ஞாயிற்றுக்கிழமை தவறாம எங்கம்மா போன்ல ‘எப்பக் கண்ணு வருவே’ன்னு கேக்கறாங்க. நானும் தவறாமப் பேச்சை மாத்தறேன். என்னை வெச்சுச் சொல்லு. பொய் கிடையாது.”

லீடா திரும்பினாள். “உங்கம்மா உயிரோட இருக்காங்களா?”

“ஈரோட்டுல.”

“அப்ப வாயை மூடு, வாஸ்யா.”

தாடிக்காரருக்கு விஷயம் மெல்லப் பிடிபட்டது. நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “ஓ. ஆள் வேணுமா? நான் வரட்டுமா?”

“நீங்க திரும்பி வரணும் சார். அடுத்த ரிவ்யூ இருக்கு,” என்றாள் லீடா.

நோட்டில் எழுதிக்கொண்டிருந்த பெண்ணும் சிரித்துவிட்டார். லீடா சிரிக்கவில்லை. அப்போதுதான் மேஜையின் தலைப்பக்கத்தில் ஒரு பென்சில் கீழே வைக்கப்பட்ட சத்தம்.

“என்னைச் சொல்லு,” என்றார் டாக்டர் ட்ரூடி. “இந்த மாசக் கடைசில ரிடையர் ஆகறேன். இந்த ஆபீசுக்குத் திரும்பி வர்ற உத்தேசம் எனக்கு இல்லை.”

லீடா அவரை மேலும் கீழும் பார்த்தாள். ரிவ்யூ கமிட்டியின் முன்னால், எங்களை எல்லாம் ஆட்டி வைத்த அந்த அம்மாளை, கஸ்டம்ஸ் ஆபீசர் மாதிரி விசாரிக்க ஆரம்பித்தாள்.

“உங்கம்மா?”

“எப்பவோ போயாச்சு.”

“பிள்ளைங்க?”

“இல்லை.”

“நீங்க வருவீங்கன்னு இங்க யாராவது ஜன்னல்ல நின்னு பாப்பாங்களா?”

டாக்டர் ட்ரூடி என்னை ஒருமுறை பார்த்தார். “பாக்க மாட்டாங்க. அவங்களுக்கு வேலை இருக்கும்.”

“நிஜமாவே வர மாட்டீங்களா? ஒரு நாள்கூட? பேச்சு மாறக் கூடாது.”

“மாற மாட்டேன்.”

“வாஸ்யா, டேப்.”

நான் ஓடிப்போய் டேப்பைப் போட்டேன். அட்டை டிராயரிலிருந்து வெளியே வந்தது. டாக்டர் ட்ரூடி தானே காட்சியை அந்த இடத்திலேயே மாற்றிச் சொன்னார்: ‘ஒரு கிழவி ஆபீசிலிருந்து கிளம்பிப் போகிறாள். படியில் நின்று நீங்கள் அவளைக் காட்டுகிறீர்கள்.’ லீடா எழுந்து நின்றாள். அவரை நேராகப் பார்த்து மூன்று முறை சொன்னாள். நிதானமாக, வேகமாக, வாக்கியத்தில். பிறகு ‘நீ’ ஒட்டுச் சேர்த்து. பிறகு டாக்டர் ட்ரூடி எப்படிச் சொல்வார் என்று ‘நான்’ ஒட்டுச் சேர்த்து. பன்மை என்று நான் அட்டையைக் காட்டியதும் கையை விரித்துவிட்டாள்.

“பன்மைக்கு இன்னொரு ஆள் கொண்டு வா.”

“பன்மை இருக்கட்டும்,” என்றார் தாடிக்காரர் அவசரமாக.

கோயிலில் கேட்ட அந்த இரண்டு பெண்களுக்கு ஒரு தகவல்: என் ப்ரோகிராமின் நட்சத்திர ஊகம் தப்பு. உள்ளே ஓர் உயிரெழுத்து வேறு. அதன் பின்னால் நின்ற ஒரு டஜனும் தப்பாகவே போயிருக்கும். டாக்டர் ட்ரூடி ஹெட்போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, ரப்பரால் நட்சத்திரத்தை அழித்துவிட்டுச் சொன்னார், “அடுத்தது.”

ப்ராஜெக்ட் தொடரும் என்று அடுத்த வாரமே போன் வந்தது. லீடா ரிசீவரை வைத்துவிட்டு என்னைத் தூக்கிச் சுற்றினாள். நதியாவின் பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணி, அடுத்த வருஷத்துக்கு அவளுக்கு இடம் வைக்கச் சொன்னாள். மாதக் கடைசியில் கேக் வெட்டினோம். டாக்டர் ட்ரூடி சாவியை என் கையில் வைத்துவிட்டு, மேஜையைத் துடைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் முதல் வாரம் அவருடைய கார் கீழே வந்து நின்றது. ஆபீசில் தான் வைத்திருந்த ரேடியோவை மறந்துவிட்டுப் போயிருந்தார். சத்தம் கேட்டு நான் எட்டிப் பார்ப்பதற்குள் லீடா படியில் இறங்கி இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டிருந்தாள்.

“எங்க வர்றீங்க?”

“என் ரேடியோ மேல இருக்கு.”

“ரேடியோ கீழ வரும். நீங்க மேல வரக் கூடாது. சொல்லியாச்சு. நீங்க படியேறினா அந்தச் சொல்லு உங்களை விட்டு இறங்கிடும். இறங்கினா எங்க போகும்? ஆள் தேடிக்கிட்டுப் போகும்.”

டாக்டர் ட்ரூடியைத் தடுத்து நிறுத்தியவர்களை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவர் ஒரு காலைப் படியில் வைத்தபடி யோசித்தார். பிறகு காலை எடுத்துவிட்டுப் பல் டாக்டர் வாசல் பெஞ்சில், மரத்துப்போன கன்னத்தோடு உட்கார்ந்திருந்த ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் ரேடியோவைக் கொண்டுவந்து கொடுத்தேன். கையோடு, எங்களுக்குப் புரியாத இரண்டு அட்டைகளையும் கொண்டுவந்திருந்தேன். பெஞ்சிலேயே தீர்த்துக் கொடுத்தார்.

அதிலிருந்து வியாழக்கிழமை தோறும் பார்க்கிங்கில் எங்கள் ஆபீஸ். அவர் காரிலேயே உட்கார்ந்திருப்பார். நாங்கள் காபியோடு கீழே இறங்குவோம். பானட்டின் மேல் அட்டைகளைப் பரப்பி, காற்றில் பறக்காமல் லீடா தன் கறுப்புக் கண்ணாடியை மேலே வைப்பாள். பல் பிடுங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போவார்கள்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை. நான் முன்னால் இறங்கி அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மாடியில் போன் அடித்தது. லீடா ரஷ்ய மொழியில் கத்தியது பார்க்கிங்வரை கேட்டது. பிறகு படியில் தடதடவென்று சத்தம். வெறுங்காலோடு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“வந்துட்டான்! கரைல நிக்கறான்! ஒரு பல்லு போயிருக்காம், வேற எல்லாம் சரியா இருக்காம்!”

என்னைக் கட்டிக்கொண்டாள். கார் ஜன்னல் வழியாக டாக்டர் ட்ரூடியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பென்சில் கீழே விழுந்து உருண்டது. பிறகு கார்க் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“வாங்க. இப்ப நீங்க மேல வரலாம். வாஸ்யா கேக் வாங்கிட்டு வருவா.”

டாக்டர் ட்ரூடி இறங்கவில்லை. கழுத்துப் பட்டியைச் சரி பண்ணிக்கொண்டார்.

“மறுபடி எப்ப கடலுக்குப் போவான்?”

“ஜனவரில.”

“வருஷா வருஷமா?”

“வேற என்ன பண்ணுவான்? அவன் வேலையே அதுதானே.”

அவர் கை நீட்டி, லீடா பிடித்திருந்த கதவை மெதுவாக இழுத்துச் சாத்தினார்.

“அப்ப அந்தச் சொல்லு எங்கிட்டயே இருக்கட்டும்,” என்றார். “அந்த அட்டைகளை இப்படிக் கொடு, வசந்தி. வெயில் ஏறறதுக்குள்ள முடிச்சிடலாம்.”